பியேர் கியூரியும் உங்கள் மணிக்கட்டு ஸ்கேனும்

இரவில் கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறீர்கள். கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு. கையை உதறினால் சற்றுத் தணிகிறது. மறுநாள் இரவு மீண்டும் வருகிறது. மருத்துவர் கையைச் சோதித்துவிட்டு, இது மணிக்கட்டுக் குகை நோயாக இருக்கலாம் என்று கூறி, மணிக்கட்டில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவருமாறு எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்துச் சீட்டில் அது கார்பல் டனல் என்ற பெயரில் இருக்கலாம். அல்லது, நீங்கள் கவனித்துவரும் தாய்க்கோ மனைவிக்கோ அவ்வாறு எழுதித் தரப்பட்டிருக்கலாம். ஸ்கேன் என்றதும் பலருடைய உள்ளத்தில் முதலில் எழுவது கதிர்வீச்சு பற்றிய அச்சம். கருவுற்ற பெண்களிடம் இவ்வச்சம் இன்னும் கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த அச்சத்தினாலேயே ஸ்கேனை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவோரும் உண்டு.

இந்த அச்சத்தைத் தெளிவுபடுத்த ஒருவருடைய வாழ்க்கை மிகவும் உதவும். அவர் பியேர் கியூரி. மேரி கியூரியின் கணவர் என்றும், ரேடியத்தைக் கண்டறிந்த இருவருள் ஒருவர் என்றும் நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். ரேடியம் கண்டறியப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, தமது 21ஆம் வயதில், தம் அண்ணனுடன் சேர்ந்து அவர் மற்றொன்றைக் கண்டறிந்தார். உங்கள் மணிக்கட்டின்மீது வைக்கப்படும் ஸ்கேன் கருவியின் உள்ளே இன்று இயங்குவது அந்த முதற்கண்டுபிடிப்பே. ரேடியத்தில் கதிர்வீச்சு உண்டு. அது அவருடைய விரல்களையே புண்ணாக்கியது. ஸ்கேன் கருவியில் கதிர்வீச்சு இல்லை. ஒரே மனிதரின் கைகளிலிருந்து வந்த இவ்விரண்டையும் நாம் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

பள்ளிக்குச் செல்லாத மாணவர்

பியேர் கியூரி 1859 மே 15 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை யூஜின் கியூரி ஒரு மருத்துவர். பெருஞ்செல்வம் சேர்க்காதவர், தம் கொள்கைகளை விட்டுக்கொடுக்காதவர். 1871ஆம் ஆண்டு பாரிஸ் கம்யூன் கிளர்ச்சியின்போது தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருக்க, அவர் தம் வீட்டையே காயமுற்றோருக்கான சிகிச்சைக் கூடமாக மாற்றினார். அப்போது பியேருக்குப் பன்னிரண்டு வயது.

பியேர் எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படவில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டால் அதிலேயே மூழ்கிவிடும் இயல்பு அவருக்கு இருந்தது. மணியடித்ததும் ஒரு பாடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவவேண்டிய பள்ளிமுறை அவருக்குப் பொருந்தாது என்பதைப் பெற்றோர் கண்டுகொண்டனர். தாயும் தந்தையும் வீட்டிலேயே கற்பித்தனர். மூன்றரை ஆண்டு மூத்தவரான அண்ணன் ஜாக் துணைநின்றார். பின்னர் ஒரு கணித ஆசிரியர் வந்து சேர்ந்தார். வகுப்பறையில் மந்தமானவர் என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய அந்தச் சிறுவர் பதினெட்டு வயதில் அறிவியலில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். மேற்படிப்பைத் தொடரப் பணமில்லை. ஆகவே 1878இல் சோர்போன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பணியேற்றார். அண்ணன் ஜாக் அப்போது அங்கே கனிமவியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். சகோதரர் இருவரும் படிகங்களை ஆராயத் தொடங்கினர்.

அவர்களுக்கு வழிகாட்டியது பழைய செய்தி ஒன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து டூர்மலின் என்னும் ஒருவகைக் கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். சூடேற்றினால் அது சாம்பல் துகள்களைத் தன்பால் இழுத்தது. அதனால் அதை இலங்கைக் காந்தம் என்றும் அழைத்தனர். டூர்மலின் என்ற பெயரே சிங்களச் சொல் ஒன்றிலிருந்து பிறந்ததுதான். சூடேற்றும்போது சில படிகங்களில் மின்னூட்டம் தோன்றுகிறது என்பது பின்னாளில் விளங்கியது. கியூரி சகோதரர்கள் ஒருபடி மேலே சென்று சிந்தித்தனர். சூடு படிகத்தை விரியச் செய்கிறது, குளிர் சுருங்கச் செய்கிறது. அப்படியானால் கையால் அழுத்திச் சுருங்கச் செய்தாலும் மின்னூட்டம் தோன்றவேண்டுமல்லவா?

அவர்கள் குவார்ட்ஸ், டூர்மலின், புட்பராகம் முதலியவற்றிலிருந்து, உட்புற ஒழுங்கின் திசையைக் கணக்கிட்டு, மெல்லிய துண்டுகளை வெட்டினர். துண்டின் இருபுறமும் வெள்ளீயத் தகட்டை ஒட்டி, கம்பிகளால் ஒரு மின்னளவிக் கருவியுடன் இணைத்து அழுத்திப் பார்த்தனர். கருவியின் குறி அசைந்தது. அழுத்தத்தை இரட்டித்தால் மின்னூட்டமும் இரட்டித்தது. கரும்புச் சர்க்கரைப் படிகத்திலும் இவ்விளைவு காணப்பட்டது. நம் சமையலறைக் கற்கண்டுக்கும் அந்தப் பண்பு உண்டு என்பது பலர் அறியாத ஒன்று. 1880இல் இச்செய்தி வெளியிடப்பட்டது. இதையே அழுத்த மின்விளைவு என்கிறோம்.

அடுத்த ஆண்டு, லிப்மன் என்னும் இயற்பியலாளர், இதன் மறுதலையும் உண்மையாகவே இருக்கவேண்டும் என்று கணக்கின் வழியே காட்டினார்: மின்சாரம் செலுத்தினால் படிகம் நுண்ணளவில் நீளவோ குறுகவோ வேண்டும். அந்த அசைவு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. ஆயினும் சகோதரர்கள் அதையும் 1881இல் சோதித்து உறுதிசெய்தனர்.

உங்களுடைய ஸ்கேனுக்கு இந்த இரு பகுதிகளும் தேவை. மருத்துவர் கையில் பிடித்திருக்கும் கருவியின் முனையில், அழுத்த மின்விளைவு கொண்ட மிகச்சிறு துண்டுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. இன்று குவார்ட்சுக்கு மாறாக அதே பண்புடைய செயற்கைப் பீங்கான் பயன்படுகிறது. மின்துடிப்பு வந்ததும் அத்துண்டு அதிர்கிறது. அதிர்வு ஒலியாகித் தோலுக்குள் செல்கிறது. இது லிப்மன் கூறிய பாதி. உள்ளே தசைநாண், நரம்பு, எலும்பு எனப் பொருள் மாறும் ஒவ்வோர் எல்லையிலும் ஒலியின் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்பி வந்து அதே துண்டை மெல்ல அழுத்துகிறது, அழுத்தம் மின்சாரமாகிறது. இது கியூரி சகோதரர்கள் முதலில் கண்ட பாதி. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பிவர ஏறத்தாழ 13 மைக்ரோ நொடிகள் போதும். எந்த எதிரொலி எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதைக் கணினி கணக்கிட்டு, திரையில் படமாக வரைகிறது. உடலுக்குள் செலுத்தப்படுவது ஒலி மட்டுமே. மனிதக் காது ஒரு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கவல்லது. மணிக்கட்டுக்குப் பயன்படும் ஒலியோ நொடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட அதிர்வுகளைக் கொண்டது. ஆகவே உங்களுக்கு எந்த ஓசையும் கேட்காது.

படிகத்திலிருந்து ரேடியத்திற்கு

1883இல் ஜாக், மோன்பெலியே நகருக்கு ஆசிரியராகச் சென்றார். சகோதரர்களின் கூட்டுழைப்பு பெருமளவு முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பியேர், பாரிசில் புதிதாகத் தொடங்கப்பட்ட தொழில்சார் இயற்பியல் வேதியியல் பள்ளியில் ஆய்வுக்கூடத் தலைவராகச் சேர்ந்திருந்தார். அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். ஊதியம் குறைவு, தமக்கென்று ஒதுக்கப்பட்ட ஆய்வறைகூட இல்லை. காந்தப்பண்பு பற்றி அவர் எழுதிய முனைவர் ஆய்வேடு 1895இல்தான் முடிவுற்றது. ஒரு பொருள் எந்த வெப்பநிலையில் தன் காந்தத் தன்மையை இழக்கிறது என்பதைக் குறிக்கும் கியூரி வெப்பநிலை இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது.

1894இல் போலந்திலிருந்து வந்து பாரிசில் படித்துக்கொண்டிருந்த மரியா ஸ்க்வொடோவ்ஸ்காவைச் சந்தித்தார். 1895 சூலை 26 அன்று இருவரும் எளிய முறையில் திருமணம் செய்துகொண்டனர். அன்பளிப்பாக வந்த பணத்தில் இரண்டு மிதிவண்டிகள் வாங்கிக்கொண்டு, பிரான்சின் கிராமப்புறச் சாலைகளில் சுற்றித் திரிந்தனர். 1897இல் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். அதே மாதத்தில் பியேரின் தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். மனைவியை இழந்த முதிய மருத்துவர் யூஜின், மகனுடைய வீட்டிற்கே வந்து தங்கிப் பேத்தியை வளர்த்தார். வீட்டில் கவனித்துக்கொள்ள ஒருவர் இருந்தமையால்தான் அடுத்து நிகழ்ந்தவை நிகழ முடிந்தன. பிறரைக் கவனித்துக்கொள்ளும் உங்களைப் போன்றோரின் உழைப்பு வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரு வரியாகவே நின்றுவிடுகிறது, இங்கும் அவ்வாறே.

யுரேனியத்திலிருந்து வெளிப்படும் கதிர்களை மேரி தம் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டார். அக்கதிர்கள் காற்றில் உண்டாக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. அதை அளந்து எண்ணாகக் கூறுவதற்கு அப்போது வேறு நல்ல வழியில்லை. அங்கேதான் பழைய குவார்ட்ஸ் துண்டு மீண்டும் உதவிக்கு வந்தது. நீண்ட குவார்ட்ஸ் தகட்டில் எடைகளைத் தொங்கவிட்டால், எடைக்கு ஏற்ற திட்டமான மின்னூட்டம் தோன்றும். கதிர்கள் உண்டாக்கும் மின்னூட்டத்தை அதனைக் கொண்டு ஈடுசெய்து, ஈடுசெய்ய எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கடிகாரத்தில் பார்த்துக் கணக்கிட்டார் மேரி. பியேரும் ஜாக்கும் அமைத்த கருவி அது. யுரேனியத் தாதுவான பிட்ச்பிளெண்டு, அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மிஞ்சிய கதிர்களை வெளியிடுகிறது என்பதை அக்கருவி காட்டியது. அறியப்படாத ஏதோ ஒன்று அதில் ஒளிந்திருந்தது. தம் படிக ஆய்வைச் சிறிது காலம் ஒதுக்கிவைப்பதாக எண்ணி, பியேர் மனைவியின் பணியில் சேர்ந்துகொண்டார். படிகங்களுக்கு அவர் முழுமையாகத் திரும்பவே இல்லை. 1898 சூலையில் பொலோனியமும் டிசம்பரில் ரேடியமும் அறிவிக்கப்பட்டன.

பிறகு வந்த ஆண்டுகள் பலரும் அறிந்தவை. கூரை ஒழுகும் ஒரு கொட்டகையில் தாதுவை மூட்டை மூட்டையாகக் காய்ச்சி வடித்து, 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பைப் பிரித்தெடுத்தனர். பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரவில்லை.

புண்பட்ட விரல்கள்

ரேடியம் தோலைச் சுடுமா என்று அறிய, பியேர் அதைத் தம் கையிலேயே கட்டிப் பார்த்தார். பத்து மணி நேரம் கட்டியிருந்த இடம் முதலில் சிவந்தது. வலி பெரிதாக இல்லை. நாள்கள் செல்லச் செல்லச் சிவப்பு கூடி, பொருக்குத் தட்டி, பின்னர் ஆறாப் புண்ணாயிற்று. ஐம்பது நாள்கள் கடந்த பின்னும் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவில் புண் எஞ்சியிருந்தது. சட்டைப்பையில் ரேடியக் குழாயை வைத்துக்கொண்டு சென்ற என்றி பெக்கரலுக்கும் அதே போன்ற புண் உண்டாயிற்று. இருவரும் 1901இல் தங்கள் புண்களைப் பற்றியே அறிவியல் குறிப்பு எழுதி வெளியிட்டனர். ரேடியத்தைக் கையாளுவோரின் விரல்நுனிகள் கடினமாகித் தோலுரிந்து, மாதக்கணக்கில் வலித்தன என்பதும் அதில் பதிவாயிற்று. மேரியின் விரல்களும் இதற்கு விலக்கல்ல.

அந்தப் புண்ணிலிருந்து ஒரு மருத்துவம் பிறந்தது. நலமான தோலை அழிக்க வல்லது புற்றுக்கட்டியையும் அழிக்கக்கூடும் என்று மருத்துவர்கள் எண்ணினர். பியேர் அவர்களோடு இணைந்து பணிபுரிந்தார். ஆனால் அவருடைய சொந்த உடல் நலிந்துகொண்டே சென்றது. கால்களிலும் முதுகிலும் கடும் வலி, படுக்கையிலிருந்து எழ முடியாத நாள்கள், ஓயாத சோர்வு. அது வாதநோய் என்றே கருதப்பட்டது. மருத்துவரின் மகனாகப் பிறந்தும், தம் கைகளால் எடுத்தாண்ட பொருளுக்கும் தம் நலக்குறைவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதை அவர் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை. அன்று அதை அளந்து சொல்லவும் யாருக்கும் இயலவில்லை. 1903இல் பெக்கரலோடு பகிர்ந்து நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, உடல்நலம் இடங்கொடாமையால் கியூரி தம்பதியர் சுவீடன் செல்லவில்லை. 1905 சூனில்தான் ஸ்டாக்ஹோம் சென்று பியேர் தம் நோபல் உரையை ஆற்றினார். தீயோர் கையில் ரேடியம் பேராபத்தாகும் என்று அதில் எச்சரிக்கவும் செய்தார்.

அவர்கள் எழுதிய ஆய்வுக் குறிப்பேடுகள் இன்றளவும் கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. அழுத்த மின்விளைவை ஆராய்ந்த குவார்ட்ஸ் துண்டுகளில் அவ்வாறு அஞ்சத்தக்கது எதுவுமில்லை. அழுத்தினால் மின்சாரம் தரும். அழுத்தத்தை நீக்கினால் வெறும் கல்.

1904இல் சோர்போனில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இரண்டாம் மகள் ஈவ் பிறந்தாள். 1906 ஏப்ரல் 19, மழை பெய்துகொண்டிருந்த வியாழக்கிழமை. பாரிசின் தோஃபின் தெருவைக் கடக்கும்போது குதிரைகள் இழுத்துவந்த பாரவண்டியின் முன்னே விழுந்தார். பின்சக்கரம் தலையில் ஏறியது. அவ்விடத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 46. அவர் நடத்திவந்த வகுப்பை மேரி ஏற்று நடத்தினார்.

மாணவர் தொடர்ந்த வேலை

படிகத்தை ஒலியாக்கியவர் பியேரின் மாணவர் பால் லாஞ்செவின். தொழில்சார் பள்ளியில் அவரிடம் படித்தவர். பின்னர் அதே பள்ளியில் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தவர். முதல் உலகப்போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய ஒரு வழி தேவைப்பட்டது. ஆசிரியரின் குவார்ட்சை லாஞ்செவின் நினைவுகூர்ந்தார். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே குவார்ட்ஸ் துண்டுகளை அடுக்கி, 1917இல் கடலுக்குள் கேளா ஒலியைச் செலுத்தி எதிரொலியைப் பெற்றார். அந்த ஒலியின் வலிமை மிகுதியாக இருந்தமையால் அதன் பாதையில் வந்த மீன்கள் மடிந்தன. நீர்த்தொட்டிக்குள் கையை வைத்தால் வலித்தது.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஐயம் எழலாம். அது நியாயமான ஐயமே. வலிமையான கேளா ஒலி திசுவைச் சூடாக்கும். உடலியக்க மருத்துவத்தில் வலிக்கு வெப்பமூட்டவும் அது பயன்படுகிறது. நோயறியும் ஸ்கேனில் பயன்படும் ஒலி அதனினும் பன்மடங்கு மெலிந்தது. நுண்நொடித் துடிப்புகளாகவே செல்வது. பல பத்தாண்டுகளாகக் கருவுற்ற தாய்மார்களிடம் பயன்படுத்தப்பட்டுவரும் முறை இதுவே. கருவுற்ற காலத்தில் உடலில் நீர் கோத்து, மணிக்கட்டுக் குகை நோய் தோன்றுவது மிகவும் வழக்கம் என்பதால், கருவுற்றோர் இதைக் குறிப்பாகத் தெரிந்துகொள்வது நல்லது. இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்களும் தயங்க வேண்டியதில்லை.

கடலிலிருந்து மருத்துவமனைக்கு வர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. கிளாஸ்கோ நகர மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு வயிற்றுக் கட்டிகளை ஆராய்ந்து, 1958இல் வெளியிட்ட கட்டுரையே பெருவழியைத் திறந்தது. வயிற்றின் ஆழத்தைக் காணத் தாழ்ந்த அதிர்வெண் வேண்டும். அதில் நுணுக்கம் குறைவு. தோலுக்குச் சற்றே கீழுள்ள மெல்லிய நரம்பைக் காண உயர்ந்த அதிர்வெண் வேண்டும். அத்தகைய கருவிகள் வந்தபின், 1990களின் தொடக்கத்திலிருந்து மணிக்கட்டு நரம்பை இவ்வாறு அளந்து நோயறியும் முறை வளர்ந்தது.

ஸ்கேனில் மருத்துவர் எதைப் பார்க்கிறார்

உங்கள் மணிக்கட்டின் அடியில் எலும்புகள் வளைந்து ஒரு பள்ளமாக அமைந்துள்ளன. அதன்மேல் உறுதியான குறுக்குத் தசைநார் ஒன்று மூடிபோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இடையிலுள்ள ஒடுங்கிய குகை வழியே, விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பு எனப்படும் ஒரு நரம்பும் செல்கின்றன. தசைநாண்களின் உறை வீங்கினாலும், நீர் கோத்தாலும், எலும்பு முறிந்து இடம் குறைந்தாலும் முதலில் நெருக்குண்பது நரம்பே. நீரிழிவு, தைராய்டுக் குறைபாடு, முடக்குவாதம், உடற்பருமன், அதிரும் கருவிகளோடு நெடுநேர வேலை ஆகியவை இந்நோயை எளிதில் வரவழைக்கும். இந்நரம்பு உணர்வளிப்பது கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றுக்கு. சுண்டுவிரல் இதில் சேராது. எனவே எந்தெந்த விரல்கள் மரக்கின்றன என்பதைக் கவனித்து மருத்துவரிடம் கூறினால், அதுவே பாதி நோயறிதல்.

எக்ஸ்-ரே எலும்பைத்தான் காட்டும். இந்த நரம்பு அதில் தெரியாது. அல்ட்ராசவுண்டில் நலமான நரம்பு, குறுக்கே பார்க்கும்போது, தேனடை போலச் சிறுசிறு கண்களாகத் தெரியும். நெருக்குண்ட நரம்பு குகைக்குள் தட்டையாகி, குகையில் நுழையும் வாயிலில் வீங்கிக் கறுத்துத் தோன்றும். தேனடை வடிவம் மங்கிவிடும். மேற்புறம் மிகுதியாகத் தண்ணீர் தேங்கி நிற்கும் அடைபட்ட வாய்க்காலை எண்ணிக்கொண்டால் இது விளங்கும். அந்த வாயிலில் நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பை மருத்துவர் அளக்கிறார். ஏறத்தாழ 10 சதுர மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் நோய் இருக்கக்கூடும் என்று கொள்வது பரவலான வழக்கம். அது மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு சதுரத்தின் அளவுதான். இந்த எல்லை இடத்திற்கு இடம், கருவிக்குக் கருவி சற்று மாறும். எனவே முன்கையில் அதே நரம்பின் பரப்பையும் அளந்து ஒப்பிடுவதுண்டு.

விரல்களை மடக்கி நீட்டச் சொல்லி, நரம்பு தடையின்றி வழுக்கிச் செல்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஸ்கேனின் தனிச்சிறப்பு என்று நாம் கருதுவது இன்னொன்று: நெருக்கத்தின் காரணமும் சிலரிடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீர்க்கட்டி, தசைநாண் உறையின் அழற்சி, பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்த நரம்பு, நரம்பையொட்டி மறையாது நின்றுவிட்ட இரத்தக்குழாய் ஆகியவை அறுவை மருத்துவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை. மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடும்போது நரம்பைத் தவிர்த்து ஊசியைச் செலுத்தவும் இதே திரை வழிகாட்டும்.

ஸ்கேன் காட்டாததும் உண்டு. நரம்பு எப்படித் தோன்றுகிறது என்பதை அது காட்டும்; எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை நரம்புக் கடத்தல் சோதனையே அளக்கும். அதில் சிறு மின்துடிப்புகள் செலுத்தப்படும். சற்றுச் சுள்ளென்று இருக்கும். தொடக்கநிலையில் ஸ்கேன் இயல்பாகவே இருக்கலாம். இயல்பான ஸ்கேன், நோயில்லை என்பதற்கு முழு உறுதியாகாது. கழுத்தெலும்பில் நரம்பு அழுந்தினாலும், நீரிழிவால் நரம்புகள் பழுதுற்றாலும் கை மரக்கும். அவற்றை மணிக்கட்டு ஸ்கேனால் விளக்க முடியாது. ஆகவே சிலருக்கு இரண்டு சோதனைகளும் வேண்டியிருக்கும். அதைத் தேவையற்ற செலவென்று எண்ணிவிடாதீர்கள்.

கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேடு மெலிந்துவருவதும், கையிலிருந்து பொருள்கள் நழுவுவதும், மரப்பு பகலிரவு மாறாது நிலைத்திருப்பதும் நரம்பு நீண்டநாள் நெருக்குண்டதைக் காட்டும் அடையாளங்கள். அந்நிலையில் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். தொடக்கநிலையில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையே பலருக்குப் போதுமானது. முற்றிய நிலையில் அறுவை செய்து குறுக்குத் தசைநாரை விடுவித்தாலும், இழந்த உணர்வும் வலிமையும் முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. வழக்கமான மருந்துகளை நிறுத்த வேண்டியதில்லை. மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கட்டியிருக்கும் கயிறு ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். முழங்கை வரை எளிதில் மடிக்கக்கூடிய சட்டை அணிந்து வாருங்கள். உள்ளங்கை மேல்நோக்கியிருக்கக் கையை மேசையில் நீட்டச் சொல்வார்கள். குளிர்ந்த ஜெல்லைத் தடவுவார்கள். கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்றிருந்தால் ஒலி உள்ளே புகாது என்பதே அதற்குக் காரணம். அழுத்திப் பிடிக்கும்போது மரப்பு சற்றுக் கூடினால் சொல்லுங்கள். ஒப்பிடுவதற்காக வலியில்லாத கையையும் பார்க்கலாம். முன்பு எடுத்த நரம்புச் சோதனை, இரத்தச் சர்க்கரை, தைராய்டு அறிக்கைகள் இருந்தால் உடன் கொண்டுவாருங்கள். முடிந்ததும் ஜெல்லைத் துடைத்துவிட்டு நேரே வேலைக்குச் செல்லலாம். அறிக்கையிலுள்ள எண்ணை மட்டும் வைத்து நீங்களே முடிவுக்கு வராமல், அதை உங்கள் கையைச் சோதித்த மருத்துவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.